ஒரு கமரா, ஒரு லென்ஸ்: எல்லாத் தேவைக்குமான ஸூம் லென்ஸைத் தெரிவுசெய்வது எப்படி?

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தின் கொட்டகைக்குள் ஒரு நாள் நின்றுகொண்டிருந்தேன். வீதியின் மறுபக்கத்திலிருந்து படமெடுத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன். ஓர் அம்மா தன்னுடைய பேர்ஸிலிருந்து பொலித்தீனால் சுற்றிய சின்னஞ்சிறு படமொன்றை எடுத்தார். அடையாள அட்டைக்காக எடுக்கும் அளவிலான, நிறம் மங்கிய மகனின் படம்.

“தம்பி, இதை ஒருக்கா எடுத்துப் பெருசாக்கித் தருவீங்களோ? வீட்டில இருந்ததெல்லாம் இடம்பெயரேக்க போட்டுது. மிச்சம் இது ஒண்டுதான்” என்றார்.

என்னுடைய கமராவில் அப்போது இருந்தது 75-300 வகை நீண்ட லென்ஸ். அது ஒன்றரை மீற்றருக்கு உள்ளே இருக்கும் எதிலும் ஃபோகஸ் ஆகாது. கொட்டகைக்குள் பின்னால் போக இடமில்லை. படத்தைக் கையை விட்டு இறக்கி வைக்க அந்த அம்மாவுக்கு மனமில்லை. தறப்பாளுக்குக் கீழே வெளிச்சமும் போதவில்லை. சிறிய லென்ஸ் யாழ்ப்பாணத்தில், என்னுடைய அறையில் கிடந்தது. கடைசியில் கைத்தொலைபேசியில் எடுத்தேன். திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. ஸ்டூடியோவில் பெரிதாக்கியபோது கண்கள் இரண்டும் கரைந்து போயிருந்தன. பொலித்தீனின் பளபளப்பு நெற்றியில் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது.

நான்கு மாதங்கள் கழித்துச் சரியான லென்ஸோடு போனேன். அதற்குள் அந்த அம்மா இறந்துவிட்டார். பிள்ளைகளைத் தேடித் தேடியே இறந்துபோன பெற்றோரின் படங்களோடு அவருடைய படமும் கொட்டகையில் தொங்கியது.

“என்ன லென்ஸ் வாங்கலாம்?” என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. கேட்பவர்களில் பிரதேசச் செய்தியாளர்கள் இருக்கிறார்கள், ஊர் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள், கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ மாமா அனுப்பிய கமராவை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு நிலைமை உண்டு: ஒரு கமரா, ஒரு லென்ஸ் வாங்கும் அளவு காசு, மோட்டார் சைக்கிளில் தனியாகப் பயணம். அந்த ஒரு லென்ஸ் எதுவாக இருக்கவேண்டும் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

‘ஸூம்’ என்பது தூரத்தை இழுப்பது மட்டுமல்ல

கடைகளில் “நல்லா ஸூம் ஆகும்” என்று சொன்னால் தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும் என்றுதான் நாம் விளங்கிக்கொள்கிறோம். உண்மையில் ஸூம் லென்ஸ் என்றால் குவியத்தூரத்தை மாற்றக்கூடிய லென்ஸ் என்பதே பொருள். லென்ஸின் மேல் 18-55, 18-135, 70-300 என்று எழுதப்பட்டிருப்பது அந்தக் குவியத்தூரம்தான்; மில்லிமீற்றரில் கொடுக்கப்படும். முதலாவது எண் சிறிதாக இருந்தால் அகலமான காட்சி கிடைக்கும். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் தூரத்திலுள்ளது பெரிதாகத் தெரியும்.

விளம்பரங்களில் வரும் ‘7 மடங்கு’, ‘16 மடங்கு’ என்ற கணக்கு இந்த இரண்டாவது எண்ணை முதலாவது எண்ணால் பிரித்துப் பெறுவது. 18-135 என்பது 7.5 மடங்கு. 70-200 என்பது 3 மடங்கு கூட இல்லை. ஆனால், தூரத்தில் நிற்பவரைப் பெரிதாகக் காட்டுவது 70-200தான். ஆகவே மடங்கைப் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு முனைகளிலும் உள்ள எண்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் உங்கள் கமராவைத் திருப்பிப் பாருங்கள்

ஒரே லென்ஸ் எல்லாக் கமராக்களிலும் ஒரே காட்சியைத் தராது. நம்மில் பெரும்பாலானோரின் கையில் இருப்பவை ஏ.பி.எஸ்-சி எனப்படும் சிறிய சென்சர் உள்ள கமராக்கள். கெனன் 200டி, 700டி, நிக்கோன் டி3500, டி5600, சொனி ஏ6000 எல்லாம் இந்த வகை. ‘ஃபுல் ஃபிரேம்’ எனப்படும் பெரிய சென்சரோடு ஒப்பிடும்போது இவற்றில் காட்சி குறுகும். நிக்கோன், சொனி கமராக்களில் குவியத்தூரத்தை 1.5ஆலும், கெனனில் 1.6ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். சிறிய சென்சரில் 18 மி.மீ. தரும் அகலத்தைப் பெரிய சென்சரில் ஏறத்தாழ 28 மி.மீ. தந்துவிடும்.

இதனால்தான் பெரிய சென்சருக்காகச் செய்யப்பட்ட 24-105 போன்ற லென்ஸைச் சிறிய சென்சர் கமராவுக்கு வாங்கியவர்கள் பிறகு ஏமாற்றமடைகிறார்கள். லென்ஸ் நல்லதுதான். ஆனால், கொட்டகைக்குள் நின்று எடுக்கும்போது 24 மி.மீ. போதாது, ஓரங்களில் இருப்பவர்கள் வெட்டுப்பட்டுப் போவார்கள்.

அடுத்தது, லென்ஸ் பூட்டும் வாய். கெனனில் ஈ.எஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸ் சிறிய சென்சர் டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் பூட்டும், ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரில் பூட்டாது. அதே கெனனின் எம்50 போன்ற சிறிய கமராக்களுக்கு ஈ.எஃப்-எம் என்று வேறொரு வாய். புதிய ஆர் வரிசைக் கமராக்களுக்கு ஆர்.எஃப் என்று இன்னொரு வாய். ஆர்.எஃப் லென்ஸை எம்50இல் பூட்ட முடியாது. டி.எஸ்.எல்.ஆருக்காக வாங்கிய ஈ.எஃப், ஈ.எஃப்-எஸ் லென்ஸ்களை இடையில் ஓர் அடெப்டர் போட்டு ஆர் வரிசையில் பாவிக்கலாம்.

நிக்கோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருக்கவேண்டும். அதாவது லென்ஸில் ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ஏ.எஃப் லென்ஸை வாங்கினால் ஒவ்வொரு முறையும் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். மறுபக்கம், ஏ.எஃப்-பி லென்ஸ்கள் பழைய நிக்கோன் கமராக்கள் சிலவற்றில் ஃபோகஸே ஆகாது. கமராவைக் கையோடு கொண்டுபோய் பூட்டிப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்புவதாக இருந்தால் கமராவின் பெயர்ப் பலகையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு அகலம், எவ்வளவு தூரம்?

எண்களை நாம் நிற்கும் இடங்களோடு பொருத்திப் பார்த்தால் இலகுவாக விளங்கும். கீழே உள்ள கணக்கு சிறிய சென்சர் கமராவுக்கானது.

கொட்டகைக்குள்ளே, மூன்று மீற்றர் தூரத்தில் நிற்கிறீர்கள். 18 மி.மீ.இல் ஏறத்தாழ நான்கு மீற்றர் அகலம் படத்துக்குள் வரும். அருகருகே கதிரைகளில் இருக்கும் ஆறேழு பேர், அவர்களுக்குப் பின்னால் தொங்கும் படங்கள், பதாகை எல்லாம் உள்ளே அடங்கும். 24 மி.மீ.இல் இது மூன்று மீற்றருக்குக் குறைந்துவிடும்.

பத்து மீற்றருக்கு அப்பால், ஊர்வலத்தில் ஓர் அம்மா படத்தை ஏந்தியபடி நடக்கிறார். 55 மி.மீ.இல் நாலேகால் மீற்றர் அகலம் படத்துக்குள் வரும். அவர் கூட்டத்துக்குள் ஒருவராகத் தெரிவார். 135 மி.மீ.இல் அகலம் ஒன்றேமுக்கால் மீற்றராகச் சுருங்கும்; அவருடைய முகமும் கையிலுள்ள படமும் மட்டும் மிஞ்சும். 200 மி.மீ.இல் ஒன்றேகால் மீற்றருக்கும் குறைவு.

மே 18இல் முள்ளிவாய்க்கால் மணலில் நின்று எடுப்பவருக்கு இந்த இரண்டு முனைகளும் சில நிமிடங்களுக்குள் தேவைப்படும். சுடரேற்றும் கூட்டம் முழுவதையும் காட்ட 18 வேண்டும். அதற்குள் தனியாக அமர்ந்து அழும் ஒருவரைக் குழப்பாமல் எடுக்க 100க்கு மேல் வேண்டும். லென்ஸைக் கழற்றி மாற்றிக்கொண்டிருக்க அங்கே நேரமும் இல்லை, மனமும் வராது. ஒரே லென்ஸில் அகலமும் ஓரளவு தூரமும் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

அதைவிட நீளமான லென்ஸ் எப்போது வேண்டும்? காணி விடுவிப்புப் போராட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 முதல் ஒரு மாதம் வீதியோரத்தில் இருந்து தங்கள் காணிகளை மீட்டார்கள். வேலிக்கு அப்பால் இருக்கும் தன் வீட்டுக் கூரையையோ, தான் நட்ட தென்னையையோ ஒருவர் சுட்டிக்காட்டும்போது அதைப் படத்தில் காட்ட 200 மி.மீ.க்கு மேல் தேவைப்படலாம். ஆனால், படைமுகாம்களையும் பாதுகாப்பு வலயங்களையும் படமெடுப்பது உங்களைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும். அப்படியான இடங்களில் சுட்டிக்காட்டும் விரலையும் அந்த முகத்தையும் எடுப்பதே பல நேரங்களில் போதுமானது. அதற்கு 135 தாராளம்.

வெளிச்சம்: விலையின் பெரும்பகுதி இங்கேதான்

லென்ஸில் 3.5-5.6 என்று இன்னொரு சோடி எண்கள் இருக்கும். லென்ஸின் துவாரம் அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதை அவை சொல்கின்றன. எண் சிறிதானால் துவாரம் பெரிது, உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். சோடியாக இருப்பதன் பொருள், அகல முனையில் 3.5 வரை திறக்கும் லென்ஸ் நீண்ட முனைக்குப் போகும்போது 5.6க்குச் சுருங்கிவிடும் என்பதே. ஸூம் செய்யும்போதே வெளிச்சம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்துவிடுகிறது. படம் ஏன் திடீரென்று ஆடிப்போகிறது என்று குழம்புபவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

முழு வீச்சிலும் 2.8 வரை திறக்கும் லென்ஸ்கள் இருக்கின்றன. 5.6ஐ விட அவை நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சிக்மா 17-50, டம்ரொன் 17-70 போன்றவை இந்த வகை. மண்டபத்துக்குள் நடக்கும் கூட்டங்களுக்கு இவை மிக நல்லவை. ஆனால், கண்ணாடி பெரிது, பாரம் அதிகம், விலையும் அதிகம். தூர முனை 50இலோ 70இலோ நின்றுவிடும்.

பகல் வெயிலில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தெரிவது மாலையில்தான். கார்த்திகை 27இல் துயிலுமில்லங்களில் சுடர் ஏற்றப்படுவது மாலை 6 மணி கழிந்து. சூரியன் அதற்கு முன்பே மறைந்திருக்கும். மழைக்காலம் என்பதால் வானமும் பெரும்பாலும் மூடியிருக்கும். அந்த வெளிச்சத்தில் 5.6 துவாரத்தோடு முகங்களை எடுப்பது கடினம்.

இங்கே அதிர்வுக் குறைப்பு என்ற வசதி ஓரளவு உதவும். கெனனில் ஐ.எஸ்., நிக்கோனில் வி.ஆர்., சொனியில் ஓ.எஸ்.எஸ்., டம்ரொனில் வி.சி., சிக்மாவில் ஓ.எஸ். என்று லென்ஸில் எழுதியிருக்கும். அந்த எழுத்துகள் இல்லாத நீண்ட ஸூமை வாங்கவேண்டாம். பழைய ஒரு விதி உண்டு: குவியத்தூரத்தைச் சென்சருக்கான எண்ணால் பெருக்கி, ஒரு செக்கனின் அத்தனையில் ஒரு பங்காவது ஷட்டர் வேகமாக இருக்கவேண்டும். 135 மி.மீ.க்கு அது 1/200. அதிர்வுக் குறைப்பு இருந்தால் அசையாத ஒன்றை 1/30இலும் எடுக்கலாம். ஆனால், அது உங்கள் கைநடுக்கத்தை மட்டுமே குறைக்கும். சுடரை நோக்கிக் குனியும் ஒருவரின் அசைவை அது நிறுத்தாது. அதற்கு 1/125 ஆவது வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு உயர்த்தத் தயங்கவேண்டாம். புள்ளிபுள்ளியாக இருக்கும் படத்தைப் பாவிக்கலாம். ஆடிப்போன படத்தை என்ன செய்வது?

இதற்கு என்னுடைய தீர்வு வேறு. எல்லாத் தேவைக்குமான ஸூம் கமராவில் இருக்கட்டும். பையின் ஒரு மூலையில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று கிடக்கட்டும். ஸூம் இல்லாத, 200 கிராமுக்கும் குறைந்த சிறிய லென்ஸ் இது. எல்லா நிறுவனங்களிலும் மலிவான வரிசையில் கிடைக்கும். 5.6ஐ விட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும். மாலை நிகழ்வுக்குப் போகுமுன் வீட்டிலேயே அதைப் பூட்டிக்கொண்டு போகலாம்.

யாரும் கேட்காத எண்: எவ்வளவு கிட்டப் போகலாம்?

நான் தவறவிட்டது இதைத்தான். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபோகஸ் ஆகக்கூடிய மிகக் குறைந்த தூரம் ஒன்று உண்டு. பெரும்பாலும் லென்ஸின் மேலேயே எழுதியிருக்கும். அதோடு உருப்பெருக்கம் என்ற எண்ணையும் பாருங்கள். 0.28 என்றால், பொருளின் அளவில் 0.28 பங்கு சென்சரில் விழும்.

கெனன் 18-135 லென்ஸ் 39 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகும், உருப்பெருக்கம் 0.28. அதாவது எட்டு சென்ரிமீற்றர் நீளமும் ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரமும் கொண்ட ஒரு பரப்பு முழுச் சட்டத்தையும் நிரப்பும். மூன்றரைக்கு நாலரை சென்ரிமீற்றர் அளவிலான கடவுச்சீட்டுப் படம் அதற்குள் நன்றாகப் பெரிதாக விழும். நிக்கோன் 18-140 லென்ஸுக்கு இவை 45 சென்ரிமீற்றரும் 0.23உம். அதுவும் பரவாயில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், கமராவோடு இலவசம்போல் வரும் சாதாரண 18-55 லென்ஸ் இந்த வேலையில் இவற்றையும் வென்றுவிடும். கெனனின் 18-55 எஸ்.ரி.எம். 25 சென்ரிமீற்றர் வரை போகும், உருப்பெருக்கம் 0.36. அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் அந்த லென்ஸை விற்றுவிடாதீர்கள்.

பழைய படத்தைப் பிரதியெடுக்கும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். படத்தை வாசலோரத்திலோ யன்னலோரத்திலோ மேசையில் வையுங்கள். நேர் வெயில் விழக்கூடாது. பிளாஷ் வேண்டாம். உரியவர் சம்மதித்தால் பொலித்தீனைக் கழற்றுங்கள். படம் அதோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் அப்படியே விடுங்கள். கமராவின் முகம் படத்துக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். பளபளப்பு விழுந்தால், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி மேசையைத் திருப்புங்கள். பளிச்சென்ற உடுப்பு அணிந்திருந்தால் அதுவும் பிரதிபலிக்கும்; கறுப்புத் துணியொன்றைக் கமராவுக்குப் பின்னால் பிடியுங்கள். ஸூமை 50 மி.மீ. அளவில் வைத்துத் துவாரத்தை 8க்குச் சுருக்குங்கள். அசையாத இடத்தில் கமராவை வைத்து இரண்டு செக்கன் டைமரில் எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க மறக்கவேண்டாம். ஸ்டூடியோவின் முத்திரை, திகதி, கையால் எழுதிய ஒரு பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். முடிந்ததும் படத்தை உரியவரின் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். பிரதியெடுக்கவென்று வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். அது அவர்களிடம் மிஞ்சியிருக்கும் ஒரேயொரு படமாக இருக்கலாம்.

நீண்ட லென்ஸும் மக்களின் பயமும்

தொழில்நுட்பப் பக்கங்களில் எழுதப்படாத ஒரு விடயம் எங்கள் இடங்களுக்கு முக்கியமானது. போராட்டங்களுக்கு வருபவர்களைத் தூரத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு போகும் ஆட்களை எங்கள் மக்கள் வருடக்கணக்காகப் பார்த்து வருகிறார்கள். அந்தப் படங்கள் யாரிடம் போகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். மரத்துக்குப் பின்னால் நின்று நீண்ட குழல் போன்ற லென்ஸை நீட்டும் ஒருவரை அவர்கள் முதலில் ஊடகவியலாளர் என்று நினைக்கமாட்டார்கள்.

அதனால் 18-400 போன்ற பெரிய ஸூமை வாங்கும் முன் ஒரு தடவை யோசியுங்கள். டம்ரொனின் அந்த லென்ஸ் 710 கிராம். நீட்டும்போது இன்னும் நீளமாகும். தூர முனையில் துவாரம் 6.3. நந்திக்கடலில் பறவைகளை எடுப்பவருக்கு அது அருமையான துணை. மக்களை எடுப்பவருக்கு அந்த நீளம் அவ்வளவு தேவையில்லை. 18-135 அளவிலான லென்ஸ் சிறியது. அதோடு கிட்டப் போய்க் கதைத்துவிட்டு எடுக்கவேண்டிய கட்டாயத்தையும் உங்களுக்குத் தரும். முகத்தைத் தூரத்திலிருந்து எடுக்க நேர்ந்தாலும், பிறகு அவரிடம் போய்த் திரையைக் காட்டி, “போடலாமோ அம்மா?” என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அவருக்கு முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

தூசும் பூஞ்சணமும்

லென்ஸைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் சென்சர் வெளியே திறபடுகிறது. வன்னியின் கிரவல் வீதிகளில் ஒரு டிப்பர் கடந்துபோனால் போதும். பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும், வானத்தில் ஒரே இடத்தில், சாம்பல் நிறப் புள்ளி இருக்கும். கடற்கரையில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஒரே லென்ஸோடு நாளைக் கழிப்பதன் பெரிய நன்மை இது. மாற்றத்தான் வேண்டுமென்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, கமராவின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள்.

வீட்டில் எதிரி பூஞ்சணம். ஈரமான காலத்தில் தோல் பைக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் கண்ணாடிக்குள்ளே சிலந்தி வலைபோல் படரும். காற்றுப்புகாத பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கிழமைக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பாவியுங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்கும்போது

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியது. அதன் பிறகு புதிய லென்ஸ் என்பது பலருக்கு எட்டாத பொருளாகிவிட்டது. பாவித்தது வாங்குவதில் குறைவேதும் இல்லை. ஆனால், கடையிலேயே பத்து நிமிடம் செலவழியுங்கள்.

லென்ஸின் ஒரு பக்கத்தில் கைத்தொலைபேசியின் டோர்ச்சை அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். இரண்டொரு தூசுத் துணிக்கைகள் பரவாயில்லை. நூல் நூலாகவோ, புகைபோலவோ ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ஸூம் வளையத்தை முனைக்கு முனை திருப்புங்கள். மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் வேண்டாம். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து நடந்து பாருங்கள். தானாகவே சரிந்து நீளுமானால் அது தேய்ந்தது. பின்பக்கத்திலுள்ள உலோகத் தொடுபுள்ளிகள் துருப்பிடிக்காமல் இருக்கவேண்டும்.

பிறகு சுவரில் ஒரு பத்திரிகையை விரித்து ஒட்டச் சொல்லி, அகல முனையிலும் தூர முனையிலும் துவாரத்தை முழுதாகத் திறந்து ஒவ்வொரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் சற்று மங்கலாக இருப்பது இயல்பு. ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கலங்கியும் இருந்தால் அந்த லென்ஸ் எங்கேயோ விழுந்திருக்கிறது. அகல முனையில் பத்திரிகையின் ஓரக் கோடுகள் வெளிப்பக்கம் வளைந்து தெரியும். இந்த வகை லென்ஸ்களில் அது சாதாரணம், கணினியில் நிமிர்த்திவிடலாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

கையில் 18-55 மட்டுமே இருக்கிறது, இப்போது காசு இல்லை என்றால் அவசரப்படவேண்டாம். அகலமும் கிட்டப் போகும் தூரமும் அதில் இருக்கின்றன. தூரத்தைக் கால்களால் நடந்து தீர்க்கலாம். முதலில் 50 மி.மீ. எஃப் 1.8ஐ வாங்குங்கள்.

ஒரு லென்ஸ்தான், எல்லாவற்றுக்கும் அதுதான் என்றால் 18-135 அல்லது 18-140. கெனனும் நிக்கோனும் டி.எஸ்.எல்.ஆருக்காகச் செய்தவை அரைக் கிலோ அளவில் இருக்கும். சொனியின் 18-135 இன்னும் இலகு, 325 கிராம். பெரிய சென்சர் கமரா வைத்திருப்பவர்களுக்கு இதே இடத்தில் 24-105 எஃப் 4 இருக்கிறது. மண்டபக் கூட்டங்களும் நேர்காணல்களுமே உங்கள் வேலை என்றால் 17-50 அல்லது 17-70, எஃப் 2.8. பறவைகள், விளையாட்டு, எட்டமுடியாத காணிகள் என்றால் மட்டும் 200ஐத் தாண்டுங்கள்.

வாங்கியதும் முதல் நாளே வீட்டில் மூன்று படங்கள் எடுத்துப் பாருங்கள்: அறைக்குள் வீட்டார் எல்லோரும் சேர்ந்து இருப்பதை, வீதியின் மறுபக்கத்தில் நிற்கும் ஒருவருடைய முகத்தை, உங்கள் வீட்டிலிருக்கும் மிகச் சிறிய பழைய படத்தை. இந்த மூன்றும் சரியாக வந்தால் அந்த லென்ஸ் உங்களுக்குப் போதும். மூன்றாவது படத்தை அச்சடித்து ஒன்றை வீட்டில் வையுங்கள். கோப்பின் இன்னொரு பிரதியை வேறு ஊரிலிருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரேயொரு பிரதியாக எதையும் வைத்திருக்கக்கூடாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.